இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்

முதல் நாள் வகுப்புக்கு மாடி ஏறும்போது, கீழே டீக்கடையில் ஒரு தட்டு உளுந்த வடை வாங்கிக்கொண்டு போங்கள். சட்னி வேண்டாம், பெஞ்செல்லாம் பாழாகும். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "வடை வேணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டும் என்றால் கொடுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுங்கள். பாவம் பார்த்துத் திரும்பி வரக் கூடாது.

கேட்டவுடனே "வேணும்" என்று சொல்லும் ஆளை இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் நான் அதிகம் பார்த்ததில்லை. அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்தார். துபாயில் வருஷக்கணக்காக கிரேன் ஓட்டிவிட்டு, இத்தாலியில் மாட்டுப் பண்ணை வேலைக்குப் போவதற்காக மொழி கற்க வந்தவர். "இருக்கட்டுங்க டீச்சர், இப்பத்தான் சாப்புட்டு வாரேன்" என்றார். விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஏறியவர், எங்கே சாப்பிட்டிருக்கப் போகிறார்? இன்னொரு தடவை கேட்பேன், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். தட்டு அவரைத் தாண்டிப் போனதும் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு எண்களைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கண் என்னவோ மேஜை மேல் இருந்த தட்டை விட்டு நகரவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வடைப் பாடத்தை விட்டுவிட்டு வேறு எந்தப் பாடத்தையும் தொடங்காதீர்கள். என் முழங்கால் இனிமேல் இந்த மாடிப்படிக்கு ஒத்துழைக்காது. வகுப்பை நீங்கள் இருவரும்தான் நடத்தப் போகிறீர்கள். அதனால் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னை மொழி படித்தவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தாலியின் வடக்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில், படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் சமையலறை, குளியலறை, மருந்துக்கடை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். நம் ஆட்களுக்கும் அது போதும். அங்கே போய் யாரும் பட்டிமன்றம் பேசப் போவதில்லை.

மொழி ஒன்றும் கஷ்டமில்லை என்பதை முதலிலேயே சொல்லி பயத்தைப் போக்கிவிடுங்கள். எழுதியிருப்பதைக் கிட்டத்தட்ட அப்படியே வாசித்தால் போதும். சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். 'பஸ்ஸு', 'காரு' என்று எதையும் வாய் திறந்து முடித்துப் பழகிய நமக்கு அது சுகம். நோத்தே என்றால் இரவு, லாத்தே என்றால் பால். அந்த அழுத்தம் மற்ற நாட்டுக்காரர்களுக்குச் சுலபத்தில் வராது. பத்து, சொத்து, வித்து என்று வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும். மூத்தவர்களிடம் பேச நம்முடைய 'நீங்க' மாதிரியே ஒரு மரியாதைச் சொல்லும் இருக்கிறது. பசியைச் சொல்லும் விதம் மட்டும் கொஞ்சம் வேறு. நமக்குப் பசி வரும், எடுக்கும், அடங்கும். அவர்கள் 'ஓ ஃபாமே' என்பார்கள். பசி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். வகுப்பில் சொல்லச் சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே பத்துத் தடவை சொல்வார்கள். பசித்த நேரத்தில், சோறு போடுகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் நாக்கு எழாது.

எனக்கும் எழவில்லை. போன புதிதில் அந்த வீட்டில் என்னிடம் ஒரு தடவை கேட்பார்கள், நான் வேண்டாம் என்பேன், அவர்கள் சரி என்று பாத்திரத்தை மூடிவிடுவார்கள். தெற்கே உள்ள ஊர்களில் ஊட்டிவிடாத குறையாக வற்புறுத்துவார்கள் என்று கேள்வி. நான் இருந்த பக்கம் அப்படியில்லை. அதுவும் வேலைக்கு வந்தவள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை என்று நினைக்கிறவர்கள். வியாழக்கிழமை மதியம் எங்களைப் போன்ற வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு லீவு. எல்லோரும் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பூங்காவில் கூடுவோம். ஒருநாள் பெரு நாட்டு அம்மா ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, "வேண்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். என் கண் முன்னாலேயே நிதானமாக முழுவதையும் தின்று முடித்தார். மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "உனக்குப் பசி என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்" என்றார். பிறகு பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டேன். கொடுத்தார்.

அந்த அம்மா செய்தது பெரிய வைத்தியம் என்று எனக்கே பின்னால்தான் புரிந்தது. இங்கே வகுப்பு ஆரம்பித்த புதிதில் நான் இதையெல்லாம் கதையாகச் சொல்வேன். "கேட்டதும் வேணும்னு சொல்லிப்புடுங்க, பிகு பண்ணாதீங்க" என்பேன். சரிங்க டீச்சர் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டியவர்களில் ஒருத்திதான் மலர்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து தாண்டியிருக்கும். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே கணவன் போய்விட்டான், பிள்ளை இல்லை. கொழுந்தனார் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், சமையல், மாடு, வயல், மாமியாருக்கு மருந்து எல்லாம் அவள் தலையில். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வாள். நீ சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் கேட்க ஆள் கிடையாது. இதெல்லாம் அவள் என்னிடம் புலம்பியது இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏதோ பேச்சுவாக்கில் உதிர்ந்ததை நான் சேர்த்து வைத்துக்கொண்டேன். இத்தாலிக்குப் போவது ஒன்றுதான் அந்த அடுப்படியை விட்டு வெளியேற அவளுக்குக் கிடைத்த வழி. கொழுந்தனார், "ஒரு மாசத்துல மூக்க உறிஞ்சிக்கிட்டு திரும்பி வருவா, பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம்.

நன்றாகப் படித்தாள். உடல் உறுப்புகள், மருந்து நேரம், தூக்கி உட்கார வைப்பது, துடைத்து விடுவது எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். மனைவி இறந்து தனியாக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கீழ்வீட்டில் மகள் குடும்பம். சமையல் மகள் பொறுப்பு. மதியமும் சாயங்காலமும் மேலே கொண்டு வந்து பரிமாறுவாள். மற்றதெல்லாம் மலர். முதல் சில வாரம் சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம்.

வாட்ஸப் வீடியோவில் தினமும் பேசுவாள். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன் டீச்சர்." "சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?" "ஒத்துக்குதுங்க டீச்சர்." முகம் மட்டும் ஒடுங்கிக்கொண்டே வந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டு மகள் கூப்பிட்டாள். மலருக்காக உறுதி சொன்னது நான்தான் என்பதால் என் நம்பர் அவளிடம் இருந்தது. கோபமில்லை, களைப்புதான் குரலில் தெரிந்தது. "அவள் நல்ல பெண்தான். ஆனால் எங்கள் சாப்பாடு அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்களோடு உட்காரவும் மாட்டேன் என்கிறாள், சுவர் ஓரமாக நின்றுகொண்டு பார்க்கிறாள். அறைக்குள் போய் ஏதோ மாவைத் தின்கிறாள். இன்று அப்பாவைத் தூக்கும்போது கை நடுங்கி அவரைக் கட்டில் மேல் போட்டுவிட்டாள். நல்லவேளை, அடிபடவில்லை. நோய் இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. இந்த வாரத்தோடு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம்."

கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. மாவு என்றது ஊரிலிருந்து கொண்டுபோன பொட்டுக்கடலை மாவு. அதில் சர்க்கரையைப் போட்டுப் பிசைந்து தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முதலாளியோடு சரிசமமாக மேஜையில் உட்காரக் கூடாது. கேட்டதும் சரி என்றால் அலைகிறவள் என்பார்கள். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்திருக்கிறாள். அந்த இன்னொரு தடவை வரவே இல்லை.

இரண்டே வாக்கியத்தில் அந்த மகளிடம் விளக்கியிருக்கலாம். வாய்வரை வந்தும்விட்டது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் விளக்கினால், பசியால் வாடவிட்டோம் என்று மூன்றாவது ஆள் வந்து குற்றம் சொன்னது போல அந்த மகளுக்குச் சுருக்கென்று இருக்கும். அதைவிட முக்கியம், நாளைக்குக் குளிர் தாங்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்றால் அதையும் புதுக்கோட்டையிலிருந்து நான்தான் சொல்ல வேண்டி வரும். எத்தனை நாளைக்கு நான் அவளுக்கு வாயாக இருக்க முடியும்? அதனால் மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "நாளை மதியம் சாப்பிட உட்காரும்போது எனக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் மேஜை மேல் வையுங்கள். நான் பேச மாட்டேன். வழக்கம்போல அவளிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்." விநோதமாகப் பட்டிருக்கும். சரி என்றாள்.

அடுத்து மலரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். "நீங்களே சொல்லிருங்களேன் டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நா சொல்ல மாட்டேன். நீ சொல்லு. ரெண்டே ரெண்டு வார்த்தை."

"அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. பசிக்குதுன்னு எங்காத்தாகிட்டகூட நா கேட்டதில்ல. சோத்துக்கு அலைஞ்சு வந்தவன்னு நெனச்சுப்புடுவாக."

"அப்ப பெட்டியக் கட்டு. ஒங்கொழுந்தன் வீட்டு அடுப்பு அங்கயேதான் இருக்கு, எங்கிட்டும் போயிரல."

கடுமையான பேச்சுதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அங்கே மதியம், நமக்குச் சாயங்காலம். மாணவர்கள் போனபிறகு காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. கரண்டிச் சத்தம், டிவிச் சத்தம், பெரியவரின் இருமல். மகள் கேட்டாள், வேண்டுமா என்று. கேட்ட வேகத்தில் மலர், "நோ, க்ராட்ஸியே" என்றாள். வேண்டாம், நன்றி.

பழக்க தோஷம் என்றால் இதுதான். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. மகள் கீழே போக எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கதவு திறந்தது.

"சின்யோரா!" மலரின் குரல். அம்மா என்று கூப்பிடுகிற மாதிரிதான். பிறகு, ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல, "ஓ ஃபாமே" என்றாள்.

பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். பெரியவர் தன் கைத்தடியால் பக்கத்து நாற்காலியைக் கொக்கி போட்டு இழுத்தார் என்று பின்னால் மலர் சொன்னாள். அவர் மகளிடம் சொன்னது எனக்கே கேட்டது. "நான் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறேனே, அந்த அருவருப்பில்தான் இவள் என்னோடு உட்காரவில்லை என்று நினைத்தேன். இத்தனை நாளாக வெட்கத்தோடு சாப்பிட்டேன்."

ஒரே அறையில் ஒருவர் வெட்கத்தோடு சாப்பிட்டிருக்கிறார், ஒருத்தி வெட்கத்தால் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மகள் போனை எடுத்து, "இரண்டாவது தட்டு ஓடுகிறது" என்று ரகசியமாகச் சொன்னாள். அவளும் அழுதிருந்தாள்.

படி இறங்கி டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர், "என்ன டீச்சர், இன்னைக்கு மொகம் பளிச்சுன்னு இருக்கு?" என்றார். யாரிடமாவது முழுக்கதையையும் கொட்ட வேண்டும் போல இருந்தது. "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள்தான் அந்தக் கடையில் முதல் தடவையாகத் தட்டு நிறைய வடை வாங்கினேன்.

மலர் அங்கேயே நிலைத்துவிட்டாள். பெரியவரை நோன்னோ என்று கூப்பிட ஆரம்பித்தாள், தாத்தா என்று அர்த்தம். முதலில் தினமும் போன் வரும், இதற்கு என்ன சொல், அதற்கு என்ன சொல் என்று. பிறகு வாரம் ஒருமுறை. பிறகு பொங்கலுக்கு ஒரு படம். அதற்கும் பிறகு அதுவும் இல்லை.

இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இந்த வேலையில் நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். அரைகுறையாகப் போனவர்கள்தான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போன் வரவில்லை என்றால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வலிக்கும். எனக்கு வலித்தது. அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது 'பெர்மெஸ்ஸோ' என்று அனுமதி கேட்பார்கள், உள்ளேயிருந்து 'அவாந்தி' என்று குரல் வரும், வா என்று. எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது என்னையறியாமல் வாயில் வந்துவிடும். காய்கறிப் பையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். உள்ளே யார் இருக்கிறார்கள் வா என்று சொல்ல? கற்றுக்கொடுத்த மொழியைத் திருப்பிப் பேச இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை. சனி ஞாயிறு வகுப்பு கிடையாது. அந்த இரண்டு நாளும் தமிழிலும் பேச ஆள் இல்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மலர் பெயர் போனில் வந்தது. முதலில் கை தவறிப் பட்டுவிட்டது போல என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், நோன்னோ போயிட்டாங்க. காலைல."

"நீ எங்க இருக்கே?" என்றேன்.

"மேல, அவுக ரூம்ல. கட்டில் காலியாக் கெடக்கு. எல்லாரும் கீழ இருக்காக. ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சு அழுவுறாக. நா அங்கிட்டுப் போயி நின்னா, நீ யாருன்னு யாரும் கேக்க மாட்டாக, நல்லவுகதான். ஆனா நா யாரைக் கட்டிப் புடிக்க டீச்சர்?" மூச்சு இரைத்தது. "எனக்கு அழுவணும். போன வைக்காதீங்க."

வேண்டும் என்பதை முதல் தடவையிலேயே சொன்னாள். நான் வைக்கவில்லை. அவள் அழுதாள். நம் ஊர்ப் பெண்கள் அழுவது போல வாய்விட்டு, ஆத்தா அப்பா என்று கூப்பிட்டு, அவளுடைய கணவனுக்கு அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள் என்று எனக்குத் தோன்றியது. நான் நடுவில் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கேன், இருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தினாள். குரல் தெளிந்தது. "சரிங்க டீச்சர். ஒங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும். நா வைக்கிறேன்."

"ஆமாம்மா, வச்சுரு" என்று தொண்டைவரை வந்துவிட்டது. கௌரவமான பதில். யாருக்கும் தொந்தரவில்லாத பதில். வாழ்க்கை முழுக்க நான் சொல்லிக்கொண்டிருக்கும் பதில்.

"எனக்கு ஒரு வேலையும் இல்ல மலரு. வைக்காத. இன்னுங் கொஞ்ச நேரம் எங்கூடப் பேசிக்கிட்டு இரு."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"என்ன டீச்சர் பேச?" என்றாள்.

"எதையாச்சும் பேசு."

அவள் எழுந்து நடப்பது கேட்டது. ஜன்னலைத் திறந்தாள் போலிருக்கிறது. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். நேற்று நோன்னோவுக்கு ரசம் வைத்துக் கொடுத்ததாகவும், அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்ததாகவும் சொல்ல ஆரம்பித்தாள்.